‘என் சரித்திரம்’: படிக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

உ.வே.சாமிநாதையரின் தன்வரலாற்றை எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் வாரம் இரண்டு அத்தியாயமாகப் படித்தோம். முடிக்க ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. அப்போது மற்றவர்கள் கேட்டதும், பிறகு புதிதாகப் படிக்க வருகிறவர்கள் கேட்பதுமாகச் சேர்ந்துபோன கேள்விகள் இவை. கேட்டவர்களின் வாக்கிலேயே பெரும்பாலும் விட்டிருக்கிறேன். பதிலில் தகவல் எது, என் அபிப்பிராயம் எது என்பது படிக்கும்போதே தெரியும்.

இது என்ன புத்தகம்? முதலில் அதைச் சொல்லுங்கள்.

பழந்தமிழ் நூல்களை ஓலைச்சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த ஒருவர், அந்த வேலைக்குத் தான் எப்படி வந்து சேர்ந்தார் என்று சொல்லும் புத்தகம். 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்தது. அப்போது அவருக்கு 85 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. 122 அத்தியாயங்கள் வந்தன. அவர் காலமான பிறகு, 1950இல், மகன் கல்யாணசுந்தரமையர் நூலாக வெளியிட்டார்.

தமிழ்த் தாத்தா என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். தலைப்பாகையும் சால்வையுமாக ஒரு படம். அதற்கு மேல் எதுவும் ஞாபகமில்லை.

அந்தப் படம்தான் சிக்கல். அதைப் பார்த்தால் பிறக்கும்போதே தாத்தாவாகப் பிறந்தவர் மாதிரி இருக்கும். இந்தப் புத்தகத்தில் நீங்கள் சந்திக்கப் போவது பதினாறு வயதுப் பையன் ஒருவனை. பாடம் சொல்லித்தர யாரும் கிடைக்காமல் ஊர் ஊராக அலைந்தவன்.

தகவலுக்கு: 1855 பிப்ரவரி 19இல் பிறந்தார். சொந்த ஊர் பாபநாசத்துக்குப் பக்கத்தில் உத்தமதானபுரம். அப்பா வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான், கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். மகன் 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியரானார், 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார், 1919இல் ஓய்வு பெற்றார். பதிப்பித்தவற்றில் சில: சீவகசிந்தாமணி (1887), பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898), ஐங்குறுநூறு (1903), பதிற்றுப்பத்து (1904), பரிபாடல் (1918), பெருங்கதை (1924), குறுந்தொகை (1937). இந்தப் பட்டியலில் கடைசியான குறுந்தொகை வந்தபோது வயது 82.

தன்வரலாறு என்கிறீர்கள். பாதிப் புத்தகம் அவருடைய வாத்தியாரைப் பற்றியல்லவா இருக்கிறது?

ஆமாம். எங்கள் கூட்டத்தில் இருவர் இதனாலேயே நடுவில் நின்றுவிட்டார்கள். எனக்கோ புத்தகம் பிடித்துப்போனதே இதனால்தான்.

வாத்தியார் என்றால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876). மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) இருந்தவர், திருவாவடுதுறை ஆதீனம் என்ற சைவ மடத்தின் வித்துவான். தலபுராணம், அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று ஆயிரக்கணக்கில் பாடல்களை வாயால் சொல்லச் சொல்ல மற்றவர்கள் ஏட்டில் எழுதிக்கொள்வார்கள். சாமிநாதையர் அவரிடம் போய்ச் சேர்ந்தது 1870ஆம் ஆண்டை ஒட்டி. ஆசிரியர் காலமாகும்வரை ஐந்தாறு வருஷம்தான் கூட இருந்தார். அந்த ஐந்தாறு வருஷம் புத்தகத்தில் பிடித்துக்கொள்ளும் இடம் பெரிது. பின்னால் வந்த வாழ்க்கை முழுவதையும் அவர் அங்கிருந்தே பார்க்கிறார். இத்தனைக்கும் ஆசிரியரின் சரித்திரத்தைத் தனியாக இரண்டு பாகம் எழுதி 1933, 1934இல் வெளியிட்டும் விட்டார். அப்படியும் தன் கதை என்று உட்கார்ந்தபோது பேனா மாயூரத்துக்கே போகிறது.

தலைப்பில் ‘என்’ இருக்கிறது, உள்ளே ‘நான்’ மிகக் குறைவு. ஏடு கொடுத்தவர், சாப்பாடு போட்டவர், வண்டி ஏற்றிவிட்டவர், ஒரு பாட்டுக்குப் பொருள் சொன்னவர் எல்லோரும் பெயரோடும் ஊரோடும் வருகிறார்கள். தன் புத்தகங்களுக்குப் பின்னால் யார் யார் இருந்தார்கள் என்று கணக்குத் தீர்ப்பதற்காக எழுதியதாகவே எனக்குப் படுகிறது. பதிப்புகளின் முன்னுரையில் ஒரு வரியில் நன்றி சொல்லி முடித்த ஆட்களுக்கு இங்கே ஆளுக்கொரு அத்தியாயம் கொடுக்கிறார்.

தளிர் கதை, தளிர் கதை என்கிறார்களே, அது என்ன?

இந்த ஒரு இடத்துக்காகவே புத்தகத்தை வாங்கலாம்.

பையனை ஒப்படைத்துவிட்டு அப்பா போய்விட்டார். பிள்ளை பெரிய மனிதர், ஓயாத வேலை. புதுப் பையனுக்குத் தானே உட்கார்ந்து பாடம் சொல்ல நேரமில்லை. மாணவர்களில் மூத்தவரான சவேரிநாத பிள்ளையிடம் படிக்கச் சொன்னார். சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவர், நல்ல படிப்பாளி, பிரியமானவர். பாடம் நடந்தது. ஆனால் பையன் வந்தது மகாவித்துவானிடம் படிக்க. எப்படி அவரிடம் கேட்பது?

பிள்ளை அப்போது வீட்டுத் தோட்டத்தில் மரம் செடி வைத்திருந்தார். விடிந்ததும் அங்கே போய் எந்தக் கிளையில் புதிதாகத் துளிர் விட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். துளிர் கண்டால் முகம் மலரும். பையன் இதைக் கவனித்துவிட்டான். அவருக்கு முன்னாலேயே எழுந்து போய் எங்கெங்கே தளிர் இருக்கிறது என்று தேடி வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் ‘இங்கே ஒன்று, அங்கே ஒன்று’ என்று காட்ட ஆரம்பித்தான். சில நாளில் ஆசிரியர் வந்ததும் வராததுமாக, இன்று ஏதாவது துளிர்த்திருக்கிறதா என்று அவனிடமே விசாரிக்கும் அளவுக்கு வந்தது. அந்த இணக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒருநாள், ஐயா அவர்களிடமே பாடம் கேட்க ஆசை என்று சொல்லிவிட்டான்.

இதைச் சொல்லும் கிழவருக்குத் தன் தந்திரம் நன்றாகத் தெரிகிறது. மறைக்கவும் இல்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை. குருபக்தி என்று பெரிய வார்த்தை போட்டு மூடியிருந்தால் இந்தக் காட்சி நமக்குக் கிடைத்திருக்காது.

அவருடைய உண்மைப் பெயர் வேறு என்று கேள்விப்பட்டேன்.

வேங்கடராமன். வீட்டில் சாமிநாதன் என்றும் கூப்பிடுவது உண்டு, சுவாமிமலை முருகனின் பெயர். வேறு பெயர் ஏதாவது உண்டா என்று பிள்ளை கேட்டு, அந்தப் பெயரைத் தேர்ந்துகொண்டார். அதுவே நிலைத்தது.

அப்பா பாடகர். மகனுக்குச் சங்கீதம் வரவில்லையா?

வந்தது. நின்றும் போயிற்று. மாயூரத்தில் அப்போது கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடினவர். அப்பாவின் விருப்பப்படி பையன் அவரிடம் சங்கீதம் கற்றுக்கொண்டிருந்தான். விஷயம் பிள்ளையின் காதுக்குப் போனது. சங்கீதத்தில் புத்தி போனால் இலக்கணம் இலக்கியத்தில் நிற்காது என்பது அவர் கொள்கை. உடனே நிறுத்தியாயிற்று. அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கோபாலகிருஷ்ண பாரதியாரைப் பற்றியும், கனம் கிருஷ்ணையரைப் பற்றியும் பிற்காலத்தில் அவர் ஆசையாக எழுதியிருப்பதைப் படிக்கும்போது அந்தக் குறை உள்ளுக்குள் இருந்ததோ என்று தோன்றும்.

ஆசிரியரின் மரணத்தைப் பற்றிய பகுதியைப் படிக்க முடியவில்லை என்று என் தங்கை சொன்னாள். அவ்வளவு சோகமா?

அழவைக்கும் நோக்கத்தோடு எழுதியதல்ல. அதனால்தான் படிக்க முடியவில்லை போலும். 1876 பிப்ரவரி 1. திருவாவடுதுறை. சவேரிநாத பிள்ளை ஆசிரியரைத் தன் மார்பில் சாய்த்துத் தாங்கிக்கொண்டிருக்கிறார். திருவாசகத்தில் அடைக்கலப் பத்தைப் படிக்கச் சொல்கிறார்கள். சாமிநாதையர் படிக்கிறார். படித்துக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிகிறது.

சைவ மடத்து வித்துவான், கிறிஸ்தவ மாணவர் மார்பில், பிராமண மாணவர் திருவாசகம் படிக்க. இதை அவர் எங்கும் சுட்டிக்காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை. நடந்ததை நடந்தபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகிறார்.

கும்பகோணத்தில் ஒரு முன்சீப்பைச் சந்தித்ததால்தான் எல்லாம் மாறியது என்கிறார்களே?

மாறியதுதான். தேதி கிழமையோடு எழுதியிருக்கிறார்: 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. சேலம் இராமசுவாமி முதலியார் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக, அதாவது கீழ்க்கோர்ட்டு நீதிபதியாக, வந்திருந்தார். அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வரும்படி திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகர் சொல்ல, இவர் போனார்.

என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். கேட்க வேண்டுமா? மகாவித்துவானிடம் படித்தவர், அந்த வருஷம்தான் கல்லூரி வேலையும் கிடைத்திருக்கிறது. அந்தாதி இத்தனை, கலம்பகம் இத்தனை, பிள்ளைத்தமிழ் இத்தனை, கோவை, உலா, புராணங்கள் என்று அடுக்கினார். முதலியார் அசையவில்லை. இதெல்லாம் படித்து என்ன பயன் என்கிற மாதிரி இருந்தது அவர் பேச்சு. பழைய நூல்கள் படித்ததுண்டா என்று கேட்டு, சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று பெயர்களைச் சொன்னார். இவர் அவற்றைப் படித்ததில்லை. படிக்கப் புத்தகமே கிடைக்கவில்லை என்றார். நான் தருகிறேன், படித்துப் பொருள் சொல்லுங்கள் என்று சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியைப் பிறகு கொடுத்தார்.

தமிழ்ப் பேராசிரியர்கள் பலரும் இந்தக் காட்சியை மேடையில் சொல்வார்கள். மேடையில் முதலியார் கதாநாயகன் ஆகிவிடுகிறார். புத்தகத்தில் எனக்கு உறைத்தது வேறு: அவ்வளவு பெரிய படிப்புப் படித்த ஒருவர், தன் படிப்பில் இப்படியொரு ஓட்டை இருப்பதை 25 வயதில் ஒரு அந்நியர் முன்னால் உணர்ந்ததையும், அந்த அவமானத்தையும், அறுபது வருஷம் கழித்துக் கொஞ்சம்கூடப் பூசி மெழுகாமல் எழுதுகிறார். அவர் ஆசிரியர் கற்றுத் தராததைப் பற்றியும்தான் இது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையைத் தெய்வமாகக் கொண்டாடுகிற ஆள், பிள்ளையின் காலத்துப் பாடத்திட்டத்தில் இந்த நூல்கள் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது. சொல்லிவிடுகிறார்.

சிந்தாமணியைச் சமணர்களிடம் பாடம் கேட்டாரா? சைவ மடத்து ஆள் எப்படி?

வேறு வழியில்லை. சிந்தாமணியைப் பாடிய திருத்தக்கதேவர் சமண முனிவர். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பல இடங்களில் மேற்கோளை மட்டும் சொல்லுவார், எந்த நூலிலிருந்து என்று சொல்ல மாட்டார். சமண சமயச் சொற்களுக்குச் சைவ மடத்துப் படிப்பில் பதில் இல்லை. இவர் தடுமாறிக்கொண்டிருந்தபோது, கும்பகோணத்திலேயே சமணர்கள் இருக்கிறார்கள் என்று தெரியவருகிறது. போய்ப் பார்த்தால், அங்கே வாசலில் கோலமும் தோரணமுமாக இருக்கிறது. என்ன விசேஷம் என்றால், சிந்தாமணி படித்து முடித்த நாளாம்! ஊரெல்லாம் தேடியும் பொருள் தெரியாத புத்தகத்தை நாலு தெரு தள்ளிச் சில குடும்பங்கள் புராணமாக வைத்து வழிவழியாகப் படித்துக்கொண்டிருந்திருக்கின்றன. அவர்களிடம் உட்கார்ந்து கேட்டார், வருஷக்கணக்கில். பௌத்த நூலான மணிமேகலைக்கு இப்படி ஒரு தெரு கிடையாது. அதற்குக் கும்பகோணம் கல்லூரியில் உடன் வேலை பார்த்த மளூர் ரங்காசாரியரிடம் பௌத்தம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

சுவடி தேடிப் போன இடங்களில் எல்லாம் கரையான் அரித்த கதைதானா?

கரையான் பரவாயில்லை. மனிதர்கள் செய்தது அதைவிட மோசம். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போகிறார். பழைய ஏடுகளை என்ன செய்வது என்று தெரியாமல், ஆகமத்தில் சொல்லியபடி நெய்யில் தோய்த்து ஓமத்தில் போட்டுவிட்டோம் என்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு வீட்டில், ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டாயிற்று என்று பதில். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை. படிக்கத் தெரியாத ஏட்டைக் குப்பையில் போட மனம் வராமல், மரியாதையாக வழியனுப்பி வைத்தார்கள். படிக்கிற நமக்குத்தான் வயிறு எரிகிறது.

நல்ல கதைகளும் உண்டு. பத்துப்பாட்டில் குறிஞ்சிப்பாட்டு இருக்கிறதே, தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த 99 பூக்களின் பெயர் வரும் பாட்டு, அதில் கிடைத்த ஏடுகளில் எல்லாம் சில வரிகள் விட்டுப்போயிருந்தன. பூப்பெயர்கள் காணவில்லை. கடைசியில் தருமபுர ஆதீனத்து ஏடு ஒன்றில் அந்த வரிகள் முழுசாக இருந்தன. ஆதீனங்களுக்குள் அப்போது இருந்த உரசலை நினைத்தால், திருவாவடுதுறையைச் சேர்ந்த ஒருவர் தருமபுரத்தில் போய் நின்று கேட்பது லேசான காரியமில்லை. கேட்டார், கிடைத்தது. இன்று பள்ளிப் பிள்ளைகள் 99 பூவையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள்.

சி.வை.தாமோதரம் பிள்ளையோடு சண்டை என்று எழுதுகிறார்களே?

சண்டை என்பது பெரிய வார்த்தை. சி.வை.தா. (1832–1901) யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். சாமிநாதையருக்கு முன்பே பழைய நூல்களைப் பதிப்பிக்கத் தொடங்கியவர். வீரசோழியம் 1881இல், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இல், கலித்தொகை 1887இல் அவர் கொண்டுவந்தவை. கும்பகோணத்துக்கு வந்திருந்தபோது, சிந்தாமணியைத் தாமே பதிப்பிப்பதாகவும் இவர் திரட்டியவற்றைத் தமக்குத் தரும்படியும் கேட்டார். சாமிநாதையரோ இளையவர், பணம் இல்லாதவர், பெரிய பதிப்பு அனுபவமும் இல்லாதவர். மூத்தவரின் வேண்டுகோளை மறுக்கவும் முடியவில்லை, உழைத்துச் சேர்த்ததை விடவும் மனமில்லை. அந்தத் தவிப்பை மறைக்காமல் எழுதியிருக்கிறார். கடைசியில் தாமே பதிப்பிப்பது என்று முடிவெடுத்தார்.

இந்தப் பகுதியைப் படிக்கும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. கதை சொல்பவர் ஒருவரே. சி.வை.தா. தம் பக்கத்தைச் சொல்லி இப்படியொரு புத்தகம் எழுதிவைக்கவில்லை. சாமிநாதையர் அவரை இழித்து எழுதவில்லை என்பது உண்மை. ஆனாலும் சொல்பவர் வாய்க்கு எப்போதும் ஒரு சலுகை உண்டு.

அப்படியானால் சங்க இலக்கியத்தைத் தனி ஒருவராக மீட்டார் என்பது?

தவறு. அவரே அப்படிச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஆறுமுக நாவலர் திருமுருகாற்றுப்படையை 1851லேயே அச்சிட்டுவிட்டார். கலித்தொகை சி.வை.தா. பதிப்பு. நற்றிணை பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் உரையோடு 1915இல் வந்தது. எட்டுத்தொகையில் சாமிநாதையர் பதிப்பித்தவை ஐந்து. பத்துப்பாட்டை ஒரே நூலாகக் கொண்டுவந்ததும், அடிக்குறிப்பு, பாடபேதம் (ஏட்டுக்கு ஏடு மாறும் சொற்கள்), அரும்பத அகராதி, புலவர் வரலாறு என்று பதிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று காட்டியதும் அவர் பங்கு. அது போதும், கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

அறுபது எழுபது வருஷத்துக்கு முன் நடந்த பேச்சை அப்படியே எழுதியிருக்கிறார். நம்பலாமா?

நல்ல கேள்வி. எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கறிஞர் இதை மூன்று வாரம் விடாமல் கேட்டார்.

இரண்டு மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, அவர் படித்த முறை. ஆயிரக்கணக்கான செய்யுளை மனப்பாடம் செய்தவருக்கு நினைவு என்பது நம்முடையதைப் போல் அல்ல. இரண்டாவது, அவர் காகிதத்தைத் தூக்கிப் போடாதவர். தமக்கு வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அவை இன்றும் சென்னையில் அவர் பெயரால் உள்ள நூலகத்தில் இருக்கின்றன. ஆ.இரா.வேங்கடாசலபதி தொகுப்பில் முதல் பகுதி ‘கடிதக் கருவூலம்’ என்று நூலாகவும் வந்திருக்கிறது. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆசையிருப்பவர்கள் பார்க்கலாம்.

அதற்காக ஒவ்வொரு உரையாடலும் ஒலிநாடாவில் பதிந்த மாதிரி என்று நான் சொல்ல மாட்டேன். எண்பத்தைந்து வயதில் ஒருவர் இளமையைச் சொல்லும்போது வாக்கியங்கள் கொஞ்சம் நேராகிவிடும், எதிராளியின் பதில் கொஞ்சம் கூர்மையாகிவிடும். முன்சீப்போடு நடந்த பேச்சுக்கூட அத்தனை கச்சிதமாக நடந்திருக்குமா என்பது சந்தேகமே. நடந்தது, அது அவரைப் புரட்டிப்போட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வழக்கறிஞர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

சொல்லாமல் விட்டது என்னென்ன?

வீட்டுப் பெண்கள். கல்யாணம் 1868இல், அவருக்கு வயது 13. மனைவி மதுராம்பாள். கல்யாணத்தை விஸ்தாரமாக எழுதுகிறவர், அதற்கப்புறம் அந்த அம்மாளைப் பற்றிப் பேசுவது மிகக் குறைவு. இவர் வருஷக்கணக்கில் ஏடும் ஊரும் என்று அலைந்தபோது வீட்டை யார் பார்த்துக்கொண்டார்கள், எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்குப் பதில் இல்லை. அம்மாவைப் பற்றி உருகி எழுதியிருக்கிறார், அதுவே ஆறுதல்.

சாதி வேறு வகை. அது ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது, ஆனால் பேசப்படுவதில்லை. மாயூரத்தில் பையன் சேரும்போது முதல் பிரச்சினையே சாப்பாடு. பிள்ளை வேளாளர், அவர் வீட்டில் பிராமணப் பையன் சாப்பிடக் கூடாது. வெளியே ஏற்பாடு செய்ய அப்பா படாத பாடு படுகிறார். அன்றைக்கு அது காற்று மாதிரி, யாரும் கேள்வி கேட்பதில்லை. எழுதிய 1940இலும் கேட்கவில்லை. அந்த வருஷங்களில் தமிழ்நாட்டில் பிராமணர் அல்லாதார் அரசியல் கொதித்துக்கொண்டிருந்தது. இந்தப் புத்தகத்துக்குள் அதன் சத்தமே வராது. இதை வைத்து அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் குறை சொல்லவில்லை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு படிக்கவும் இல்லை.

கதை 1899 வாக்கில் நின்றுவிடுகிறதே. மீதி எங்கே?

மீதி இல்லை. மணிமேகலை வெளிவந்த காலத்தை ஒட்டி வரும்போது அவரே போய்விட்டார். 1942இல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னை காலியாகிக்கொண்டிருந்தது. அவரையும் திருக்கழுக்குன்றத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஏப்ரல் 28ஆம் தேதி அங்கே காலமானார். மாநிலக் கல்லூரிக் காலம், 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டம், சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் முதல்வராக இருந்தது (1924–27), 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம், இவை எதுவும் அவர் வாயால் நமக்குக் கிடைக்கவில்லை. மாணவர் கி.வா.ஜகந்நாதன் எழுதிய ‘என் ஆசிரியப்பிரான்’ இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும்.

சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள், எனக்கு இந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. பட்டமும் சால்வையும் வருவதற்கு முன்னாலேயே கதை நின்றுபோனதால், கடைசிப் பக்கத்திலும் அவர் ஏதோ ஒரு ஏட்டைத் தேடிக்கொண்டேதான் இருக்கிறார்.

நடை பழசாக இருக்குமா? என் மகளுக்கு வயது 19. அவளால் படிக்க முடியுமா?

தாராளமாக. பண்டிதர் என்றால் பண்டித நடை என்று பயப்பட வேண்டாம். வாரப் பத்திரிகை வாசகர்களுக்காக எழுதியது. சின்ன வாக்கியம், நிறையப் பேச்சு, அத்தியாயத்துக்கு நாலைந்து உபதலைப்பு. ‘புஸ்தகம்’, ‘ஸந்தோஷம்’, ‘பிரயோஜனம்’ மாதிரி வடமொழி எழுத்துகள் கொஞ்சம் வரும். இரண்டு நாளில் பழகிவிடும். நடுநடுவே வரும் செய்யுள்களைத் தாண்டிப்போனாலும் கதை விடுபடாது.

முதலிலிருந்து படிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆரம்ப அத்தியாயங்கள் ஊர், முன்னோர், அக்கிரகாரம் என்று மெதுவாகப் போகும். ஏகாதசியன்று மறந்து தாம்பூலம் போட்ட தஞ்சாவூர் அரசன் பரிகாரமாகத் தானம் கொடுத்த ஊர் உத்தமதானபுரம் என்று வரும் கதை மட்டும் படித்துவிட்டு, மாயூரத்துக்குத் தாவுங்கள். முன்சீப்பைச் சந்திக்கும் அத்தியாயம்வரை போங்கள். அதற்குள் ஆள் பிடித்துப்போனால் தானாகவே முதல் பக்கத்துக்குத் திரும்புவீர்கள். பிடிக்காவிட்டால் ‘நினைவு மஞ்சரி’ போன்ற அவருடைய சின்னக் கட்டுரைத் தொகுப்புகளை எடுத்துப் பாருங்கள். சில பேருக்கு அதுதான் சரியான வாசல்.

என் தாத்தாவின் கதையை எழுதலாம் என்றிருக்கிறேன். இதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

பெயர்களை விடாதீர்கள். ‘ஒரு நண்பர் உதவினார்’ என்று அவர் எழுதியிருந்தால் இந்தப் புத்தகம் செத்திருக்கும். யார், எந்த ஊர், எந்தத் திண்ணை, என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதினார். தாத்தா சிறுமைப்பட்ட ஒரு நாள் இருந்தால் அதையும் எழுதுங்கள், அவர் சம்மதித்தால்.

அவர் இருந்த வீட்டைப் பார்க்க முடியுமா?

சென்னைத் திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த ‘தியாகராஜ விலாஸம்’ இப்போது இல்லை. 2012இல் இடித்துவிட்டார்கள். கும்பகோணம் கல்லூரியில் தமக்குப் பின் இவரை அமர்த்தியவர் தியாகராச செட்டியார். அந்த நன்றிக்கு வைத்த பெயர் அது. ஏடுகளும் கையெழுத்துப் படிகளும் பெசன்ட் நகரில் உள்ள டாக்டர் உ.வே.சாமிநாதையர் நூல் நிலையத்தில் இருக்கின்றன. 1943இல் ருக்மிணி தேவி அருண்டேல் முயற்சியில் தொடங்கியது. உத்தமதானபுரத்தில் அரசின் நினைவு இல்லம் உண்டு. கும்பகோணம் – தஞ்சாவூர்ச் சாலையில் பாபநாசம் போய் விசாரித்தால் வழி சொல்வார்கள். தமிழ்த் தாத்தா வீடு என்று கேளுங்கள், சாமிநாதையர் வீடு என்றால் எந்தச் சாமிநாதையர் என்பார்கள்.